வல்லைவெளியில் நின்றுபோன மொறிஸ் மைனர்

2003 ஆம் ஆண்டு சித்திரை மாதம். முற்பகல் பதினொன்றரை மணி இருக்கும். வல்லைவெளியை அறிந்தவர்களுக்கு அந்த நேரத்து வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இருபுறமும் ஒதுங்குவதற்கு ஒரு மரநிழலும் இல்லாத தரவை. நடுவே யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதி. அந்த வீதியில் எனது மொறிஸ் மைனர் கார் நின்றுவிட்டது.

பின்னாசனத்தில் எங்கள் ஊரைச் சேர்ந்த நிறைமாதக் கர்ப்பிணிப் பெண்ணொருவரும் அவரது தாயாரும் இருந்தார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஸ்ராட்டரை இயக்கினேன். எஞ்சின் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மறுபடியும் இயக்கினேன். பிடிக்கவில்லை. அந்தத் தாயார் ஒன்றும் சொல்லாமல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடி இருந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நல்ல வேளையாக அவ்வழியால் வந்த வான் ஒன்று அவர்களை ஏற்றிச் சென்றது. அன்று மாலையே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆனால் நான் அந்த வெளியில் தனியே காருடன் நின்றேன். நாற்பது நிமிடங்கள் கழித்துச் சும்மா ஒருமுறை இயக்கிப் பார்த்தேன். எதுவுமே நடவாதது போலக் கார் பிடித்துக்கொண்டது. அதுதான் எனக்கு மிகுந்த கோபத்தை ஏற்படுத்தியது.

காரும் நானும்

இந்தக் கார் எனது கணவருடையது. 948 சிசி எஞ்சின் கொண்ட மொறிஸ் மைனர் 1000. இந்த வகை 1956 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அறிமுகமானது. மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். 1948 ஆம் ஆண்டிலிருந்து எழுபதுகளின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மொறிஸ் மைனர்கள் செய்யப்பட்டன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்தமையால், வந்து சேர்ந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓடுவதே எங்கள் நாட்டு வழக்கமாயிற்று. யாழ்ப்பாணத்தில் அந்த வழக்கம் இன்னும் அதிகம். ஒஸ்ரினும் மொறிஸும் எங்களுக்குப் பழங்காலப் பொருட்கள் அல்ல. அவை ஊரின் வாடகைக் கார்கள்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் வாசனையே அபூர்வமாக இருந்தது. அப்போது கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கச் செய்வார்கள். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது எனது கணவர் அப்படித்தான் வயோதிபர்களையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்கினார்.

1996 ஆம் ஆண்டு ஆடி மாதம் ஒருநாள் காலை காருக்கு எண்ணெய் இல்லாதபடியால் சைக்கிளில் வெளியே சென்றவர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. கிடுகுக் கொட்டிலுக்குள் கார் மட்டும் நின்றது. இரண்டு பிள்ளைகளுடன் நானும் மாமியும் இருந்தோம். காரை விற்றுவிடும்படி பலர் கேட்டார்கள். அவர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்று நான் விற்கவில்லை.

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தம் வந்து, சித்திரை மாதம் ஏ-9 பாதையும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். ஊர் மாதர் சங்கத்தில் கடன் பெற்று நான்கு ரயர்களும் ஒரு பற்றறியும் வாங்கினேன். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பிற்பகலில் ஆஸ்பத்திரி, கோயில், கலியாண வீடு என்று ஓட்டம் கிடைத்தது. முதன்முதலாக ஒருவரிடமும் கைநீட்டாமல் அரிசி வாங்கினேன். அந்த நேரத்தில்தான் கார் இடையிடையே நிற்கத் தொடங்கியது.

வைத்தியம் பல, நோய் ஒன்று

வல்லைவெளியில் நின்றது ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரித்தான். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் நன்றாக ஓடும். பின்னர் நிற்கும். ஆறவிட்டால் பிடிக்கும்.

நான் போய்வந்த கராஜில் முதலில், "பெற்றோல் கொதிக்குது அக்கா, பம்பில ஈரச்சீலையைப் போடுங்கோ" என்றார்கள். போட்டேன். அரை மணித்தியாலத்தில் பிடித்தது. ஈரச்சீலைதான் காரணம் என்று நானும் நம்பினேன். பிறகு பம்பை மாற்றினார்கள். அதற்காக எனது ஒரு காப்பு அடைவுக்குப் போனது. பிறகு காபரேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒவ்வொரு முறையும் டிஸ்ரிபியூற்றரைத் திறந்து பொயின்ற்றுகளை அரத்தாளால் தேய்த்தும் விட்டார்கள். இரண்டு மூன்று வாரங்களுக்கு நன்றாக இருக்கும். பின்னர் பழைய குருடி கதவைத் திற என்ற கதைதான்.

கடைசியாக, "இது மண்ணெண்ணெய் குடிச்ச எஞ்சின் அக்கா. இனித் திருந்தாது. எஞ்சினை இறக்க வேணும். இல்லாட்டி ஒரு விலையைச் சொல்லுங்கோ, நானே எடுக்கிறன்" என்றார் கராஜ்காரர். அவர் சொன்ன விலை நான்கு ரயர்களின் விலையைவிடச் சற்றுத்தான் கூட.

வல்லைவெளிச் சம்பவத்தின் பின்னர் ஓட்டமும் குறைந்தது. "பொம்பிளை ஓடினால் கார் நிக்காமல் என்ன செய்யும்?" என்று சந்தையில் ஒருவர் சொன்னது என் காதுக்கு வந்தது. கடனில் பாதி அப்படியே இருந்தது. எஞ்சினை இறக்குவதா, விற்பதா என்று யோசித்து இரண்டு இரவுகள் நித்திரை இல்லை.

பெரியய்யாவின் கேள்வி

எங்கள் ஒழுங்கையில் ஒரு முதியவர் இருந்தார். போக்குவரத்துச் சபை டிப்போவில் மின் பகுதியில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். எல்லோருக்கும் அவர் பெரியய்யாதான். கண்ணில் புரை படர்ந்து பார்வை மிகவும் மங்கியிருந்தது. ஆகவே அவரிடம் கார் பற்றிக் கேட்கலாம் என்ற எண்ணமே எனக்கு வந்திருக்கவில்லை. மாமிதான் கேட்கச் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் அவர் கேட்டார்: "பிள்ளை, கார் எப்பிடி நிண்டது? இருமி இருமி நிண்டதோ, விளக்கை நூத்தமாதிரி டக்கெண்டு நிண்டதோ?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

"அஞ்சுதரம் நிண்டது எண்டுறாய். ஒருக்காலும் கவனிக்கேல்லையோ?"

"நிண்டவுடனை பயந்துபோடுவன் பெரியய்யா."

"பயப்பிடு. ஆனால் காதைப் பொத்தாதை."

அதன்பின் அவர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. கார் ஆறிய பிறகு கராஜுக்குக் கொண்டுபோவது, காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளையை வைத்தியரிடம் காட்டுவது போன்றது. ஓடுகிற காரில் பிழை தெரியாது. நின்ற கையோடுதான் பார்க்க வேண்டும். ஈரச்சீலை போட்டதால் பிடித்ததா, அரை மணித்தியாலம் போனதால் பிடித்ததா என்று ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்தேன். கார் எத்தனை நிமிடம் ஓடிய பின் நின்றது, எப்படி நின்றது, எவ்வளவு நேரத்தில் பிடித்தது என்று எழுதத் தொடங்கினேன். அடுத்த இரண்டு கிழமைகளில் ஊருக்குள்ளேயே மூன்று முறை நின்றது. மூன்று முறையும் முதலில் இலேசாக ஒரு உதறல். பின்னர் விளக்கை நூத்ததுபோல ஒரேயடியாக நின்றது. பெற்றோல் குறைந்தால் வருகின்ற நீண்ட இருமல் இல்லை. கொப்பியை வாசித்துக் காட்டியபோது பெரியய்யா, "நெருப்புப் பக்கம்தான் பிழைபோல கிடக்கு. ஆனால் போலக் கிடக்கு எண்டு ஒரு சாமானும் வாங்கக்கூடாது. முற்றத்திலேயே நிக்கப்பண்ணிப் பாப்பம்" என்றார்.

முற்றத்தில் ஒரு சோதனை

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலிருந்து நெல்லியடிச் சந்திக்கு மூன்று முறை போய்வந்து எஞ்சினை நன்றாகச் சூடாக்கினேன். பின்னர் முற்றத்து வெயிலில் பொனற்றை மூடி, ஓடவிட்டபடி நிறுத்தினேன். பெரியய்யா மாமர நிழலில் கதிரையில் இருந்தார். பதினான்கு வயது மகள் சாரதி ஆசனத்தில் இருந்தாள். அதுவரை கார் நிற்கக்கூடாது என்று நேர்ந்துகொண்டவள், அன்று நின்றுவிட வேண்டும் என்று காத்திருந்தேன்.

ஐம்பதாவது நிமிடம் நின்றது.

பெரியய்யா கதிரையை விட்டு எழும்பவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் பார்த்துச் சொன்னேன். அவருக்கு நான் கண். எனக்கு அவர் புத்தி.

முதலில் பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறக்கச் சொன்னார். மூடியிலுள்ள காற்றுத் துவாரம் அடைபட்டால், பெற்றோல் குறையக் குறையத் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பினால் இழுக்க முடியாமற் போகும். திறக்கும்போது உஸ் என்ற சத்தம் கேட்கும். கேட்கவில்லை.

அடுத்தது பம்ப். மைனரில் உள்ளது மின்சாரத்தில் வேலை செய்யும் எஸ்.யூ. பம்ப். சாவியைப் போட்டவுடன் டிக், டிக் என்று அடித்து, காபரேற்றரின் கிண்ணம் நிரம்பியதும் ஓய்ந்துவிடும். ஓயாமல் அடித்தால் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. பெற்றோல் கொதித்து ஆவி அடைத்திருந்தாலும் வேகமாக அடித்துக்கொண்டே இருக்கும். எங்கள் பம்ப் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றிப் போத்தலுக்குள் பிடித்தபோது பெற்றோல் குமிழியின்றி வந்தது. ஆகவே அடைவு வைத்து மாற்றிய பம்பில் முன்பும் பிழை இருந்திருக்காது என்பது அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கியது. போத்தலைத் தூரக் கொண்டுபோய் வைத்து, சிந்தியதைத் துடைத்து, வாசனை போகும்வரை பெரியய்யா அடுத்த வேலைக்கு விடவில்லை.

பின்னர் நெருப்பு. ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் வயரில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினில் படும்படி வைத்தேன். மகள் ஸ்ராட்டரை இயக்கினாள். நல்ல எஞ்சினில் நீல நிறமாகச் சொடுக்கென்று பொறி பறக்கும். எங்களது மெல்லிய மஞ்சள் நூல்போல ஒருமுறை வந்தது. மறுமுறை வரவேயில்லை.

"அப்ப நெருப்புத்தான். இனி எங்கை எண்டு பாப்பம்."

சிறிய 12 வோல்ற் மின்குமிழ் ஒன்றில் இரண்டு வயர்களைப் பொருத்தித் தந்திருந்தார். ஒரு வயரை எஞ்சின் இரும்பிலும், மற்றதைக் கொயிலில் சாவிப் பக்கத்து முனையிலும் வைத்தேன். எரிந்தது. சாவியிலிருந்து கொயில் வரை மின்சாரம் வருகிறது. அடுத்து, கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றருக்குப் போகும் முனையில் வைத்தேன். மகள் எஞ்சினைச் சுற்றியபோது குமிழ் எரிந்து அணைந்து, எரிந்து அணைந்தது. பொயின்ற்றுகள் திறந்து மூடுகின்றன என்பதற்கு அது சான்று. அந்த வயர்களிலும் பிழை இல்லை.

டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றினேன். கொயிலின் நடுவிலிருந்து வரும் தடித்த வயரை, அதன் முனை எஞ்சினிலிருந்து கால் அங்குலம் தள்ளி நிற்கும்படி, உலர்ந்த மரக் கவ்வியால் பிடித்தேன். சாவி போட்டிருக்க, மூடியிருந்த பொயின்ற்றுகளைப் பிளாஸ்ரிக் பிடியுள்ள திருப்புளியால் மெல்லத் திறந்தேன். பொயின்ற்றுகளுக்கிடையே பெரிய நெருப்புப் பறந்தது. தடித்த வயரிலோ மிகச் சிறிய பொறி. நெருப்பு வரவேண்டிய இடத்தில் வராமல், வரக்கூடாத இடத்தில் வந்துகொண்டிருந்தது. பொயின்ற்றுகளின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றில் குழி, மற்றதில் மேடு. இரண்டும் கருகிப்போயிருந்தன.

இதைச் சொன்னதும் பெரியய்யா சிரித்தார். "அதுதான் அவங்கள் தேய்க்கத் தேய்க்க ரெண்டு கிழமை ஓடியிருக்கு. ஏன் கருகுது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. கொண்டென்சர் பிள்ளை, கொண்டென்சர்."

பெருவிரல் நுனியளவு பொருள்

கொண்டென்சர் என்பது பெருவிரல் நுனியளவு தகரக் குழாய். ஒரு வயரும் ஒரு ஸ்குறூவும் மட்டுமே. டிஸ்ரிபியூற்றருக்குள் பொயின்ற்றுகளின் அருகில் இருக்கும். அது என்ன செய்கிறது என்பதைத் தோட்டம் செய்யும் சகோதரிகளுக்கு எளிதாகச் சொல்லலாம். வாய்க்காலில் வேகமாக ஓடும் தண்ணீரை மண்போட்டுச் சட்டென மறித்தால், தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு பாயும். பக்கத்தில் ஒரு சிறு குழி இருந்தால் அது அந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும். பொயின்ற்றுகள் திறக்கும்போது மின்சாரமும் அப்படியே பாய்ந்து கடக்கப் பார்க்கும். அதை வாங்கிக்கொள்ளும் குழிதான் கொண்டென்சர். அது இருந்தால்தான் மின்சாரம் சட்டென நிற்கும். சட்டென நின்றால்தான் கொயில் பல ஆயிரம் வோல்ற் அழுத்தத்தை உண்டாக்கும். எங்கள் கொண்டென்சர் குளிராக இருக்கும்போது வேலை செய்தது. சூடேறியதும் உள்ளே தொடர்பு விட்டுப்போனது. ஆறினால் மறுபடியும் வேலை செய்தது.

பெரியய்யா தமது பால்மா ரின்னுக்குள்ளிருந்து ஒரு பழைய கொண்டென்சரை எடுத்துத் தந்தார். அதைப் பொருத்தாமலே, வெளியில் வைத்து, அதன் வயரைக் கொயிலின் டிஸ்ரிபியூற்றர்ப் பக்க முனையிலும், உடலை எஞ்சின் இரும்பிலும் இணைத்தேன். திரும்பவும் சோதித்தேன். நீலப் பொறி, சொடுக்கென்ற சத்தத்துடன். மூடியையும் பிளக்கையும் பூட்டி மகளை இயக்கச் சொன்னேன். கார் ஆறமுதலே, கொதித்துக்கொண்டிருக்கும்போதே, முதற் சுற்றிலேயே பிடித்தது. மாமி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்துவிட்டார்.

நான் மகிழ்ச்சியில் கருவிகளை எடுத்து வைக்கத் தொடங்க, பெரியய்யா விடவில்லை. "இதைக் கழட்டிப்போட்டுப் பழையது மட்டும் இருக்க ஓடவிட்டுப் பார்." செய்தேன். நான்கு நிமிடத்தில் நின்றது. திரும்ப இணைத்தேன். பிடித்தது. "இப்பதான் கண்டுபிடிச்சம் எண்டு சொல்லலாம்" என்றார்.

மறுநாள் புதிய கொண்டென்சரும் பொயின்ற்றுகளும் வாங்கிப் பொருத்தினேன். பொயின்ற்றுகளின் இடைவெளி 0.015 அங்குலம், பிளக்கின் இடைவெளி 0.025 அங்குலம் என்று அளவுத்தகட்டால் வைத்தேன். செலவு, ஒரு நல்ல நாளின் வாடகைக் காசைவிடக் குறைவு. எஞ்சினை இறக்கவில்லை. காரை விற்கவில்லை. மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின் அதன்பின் ஒழுங்காகவே ஓடியது.

சகோதரிகள் கவனத்தில் வைக்க வேண்டியவை

எல்லாப் பழைய கார்களிலும் கொண்டென்சர்தான் பிழை என்று நான் சொல்லவில்லை. சூடேறினால் கைவிடும் கொயிலும் இதே மாதிரித்தான் நடக்கும். டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் சிறு வயர், மேலுறை நன்றாக இருக்க உள்ளே முறிந்திருப்பதும் உண்டு. ஆகவே பொருளை அல்ல, பார்க்கும் முறையைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

முதலாவது, எஞ்சின் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றவே இல்லையென்றால் பற்றறி, அதன் முனைகள், உடலோடு இணைக்கும் பட்டை, ஸ்ராட்டர் என்பவற்றைப் பார்க்க வேண்டும். சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் பெற்றோல் அல்லது நெருப்பு.

இரண்டாவது, எப்படி நின்றது என்பதை மறக்கமுதல் எழுதுங்கள். இருமி நின்றால் பெற்றோலையும், டக்கென்று நின்றால் நெருப்பையும் முதலில் சந்தேகியுங்கள். சந்தேகம் முடிவு அல்ல. இரண்டையும் சோதியுங்கள்.

மூன்றாவது, ஒரு தடவையில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் கார் ஓடலாம், ஆனால் எது பிழை என்று தெரியாது. கழற்றிய பொருளைத் திருப்பித் தரும்படி கராஜில் கேளுங்கள். அது உங்கள் காசு.

நான்காவது, புதியது என்பதற்காக நல்லது என்று நம்ப வேண்டாம். பழைய கார்களுக்கு வரும் புதிய கொண்டென்சர்களில் தரமற்றவையும் உண்டு. சோதித்த ஒன்றைக் காருக்குள் மேலதிகமாக வைத்திருங்கள்.

பாதுகாப்பு இவை எல்லாவற்றிலும் முக்கியம். கியரை நியூற்றலில் விட்டு, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வையுங்கள். பெற்றோல் குழாயைக் கழற்றினால், சிந்தியது காயும்வரை பொறி பார்க்கக்கூடாது. இரவில் குப்பி விளக்குடன் பொனற்றைத் திறக்கவே கூடாது. பிளக் வயரை வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்க வேண்டாம். சேலைத் தலைப்பையும் தாவணியையும் பின்னலையும் முடிந்துகொண்ட பிறகே, சுற்றும் காற்றாடியின் அருகில் குனியுங்கள். அக்காலத்தில் எங்களுக்கு இன்னொரு பயமும் இருந்தது. வீதியை விட்டுப் பற்றைக்குள் காரைத் தள்ளினால் மிதிவெடி. இன்றும் எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில் வீதியின் ஓரத்தைத் தாண்ட வேண்டாம்.

பின்னர் நடந்தவை

2006 ஆவணியில் ஏ-9 பாதை மறுபடியும் மூடப்பட்டபோது கார் கொட்டிலுக்குப் போனது. 2009 ஆம் ஆண்டின் பின்னர் மறுபடி வெளியே வந்தது. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசையிலும் நின்றது. பெரியய்யா இப்போது இல்லை. அவரது பால்மா ரின் என்னிடம் இருக்கிறது.

இப்போதைய வாகனங்களில் பொயின்ற்றும் இல்லை, கொண்டென்சரும் இல்லை, கணினிதான் பார்க்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனாலும் ஓட்டோ ஓடும் இரண்டு பெண்பிள்ளைகள் வண்டி நின்றால் எனக்குத்தான் தொலைபேசி எடுக்கிறார்கள். நான் முதலில் கேட்பது அதே கேள்விதான்: "இருமி நிண்டதோ, நூத்தமாதிரி நிண்டதோ?" அவர்கள் இப்போது அதற்குப் பதிலை ஆயத்தமாக வைத்துக்கொண்டுதான் எடுக்கிறார்கள்.

மண்ணெண்ணெய் குடித்த எஞ்சின், இனித் திருந்தாது என்று என் காரைப் பற்றிச் சொன்னதுபோல, யுத்தத்தைக் கண்ட எங்களைப் பற்றியும் பலர் மொத்தமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். மொத்தமாகச் சொல்லப்படும் தீர்ப்பை நான் இப்போது உடனே ஏற்பதில்லை. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன். பெரும்பாலும் வேலை செய்பவையே அதிகமாக இருக்கின்றன.

வல்லைவெளியில் வானில் ஏறிப்போன அந்தப் பெண்ணுக்கு மூன்று ஆண்டுகளின் பின் இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக அவரது தாயார் வந்து என் படலையில்தான் நின்றார். "பிள்ளை, கார் நிக்காதோ?" என்று கேட்டார். "நிண்டால் ஏன் எண்டு எனக்குத் தெரியும் அம்மா" என்றேன். அவர் ஏறிக்கொண்டார்.